போட்டுக்கு கியர் பம்பு: ஆயிலுக்கும் டீசலுக்கும் ஒண்ணே போதுமா?

கேள்வி: அண்ணே, நாகப்பட்டினத்துல விசைப்படகு வச்சிருக்கோம். ஆயில் மாத்துறப்ப சம்ப்புக்கு (இஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) அடியில கையே போகல, கைப்பம்புல இழுத்து இழுத்து தோள் விட்டுப்போகுது. 12 வோல்ட் கியர் பம்பு ஒண்ணு பாத்தேன், ஆயில், டீசல், தண்ணி எல்லாத்துக்கும் இதுவே போதும்ங்கிறாரு கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: ஆயிலுக்குன்னா தாராளமா வாங்குங்க தம்பி. உள்ள ரெண்டு பல்சக்கரம் சுத்தி, பல்லுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடத்துல ஆயிலை அள்ளித் தள்ளும், அதனால கெட்டி ஆயிலையும் இழுத்துரும். ஆனா ஆறிப்போன ஆயில்ல மோட்டார் திணறும், கரண்டும் கூட இழுக்கும், அதனால இஞ்சினை கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கிட்டு ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் குழாய் வழியா உறிஞ்சுங்க.

டீசலும் தள்ளும்தான், ஆனா நேரம் ஆகும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் பம்புல 200 லிட்டர் பேரல் காலியாக 20 நிமிஷம், அதையே 40 லிட்டர் வேன் பம்புல (பல்சக்கரத்துக்குப் பதிலா தகடு சுத்தித் தள்ளுற பம்பு) 5 நிமிஷத்துல முடிச்சிரலாம். பேரல் பேரலா ஏத்துற ஆளுன்னா டீசலுக்கு வேன் பம்பு தனியா வாங்கிக்கிறதுதான் சரி.

தண்ணிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், கடைக்காரர் சொன்னதுல எனக்கு கோவம் வர்ற இடமே இதுதான். பில்ஜ் தண்ணியில, அதான் படகு அடியில தேங்குற தண்ணியில, உப்பு, மணல், துரு எல்லாம் கிடக்கும், அந்த பல்லுக்கு நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி, ஒரு மணல் போனாலே கீறிரும், கீறிட்டா அப்புறம் உறிஞ்சாது. டீசலுக்கே உறிஞ்சுற பக்கம் ஸ்ட்ரெயினர் (தூசி பிடிக்கிற வலை) கட்டாயம். பேரல் காலியானதும் உடனே ஆஃப் பண்ணுங்க, காஞ்சு ஓடுனா பல்லு தேஞ்சிரும். அழுத்தம் கூடுனா திறந்து விடுற ரிலீஃப் வால்வு உள்ளேயே இருக்கான்னு கேட்டு வாங்குங்க, இல்லாட்டி வெளிய போற ஹோஸ் மடங்குனாலோ மூடிக்கிட்டாலோ ஹோஸ் தெறிச்சிரும்.

வயர்ல காசு பாக்காதீங்க. பம்பு 10 ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு வைங்க, பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருக்கு, போக வர 10 மீட்டர் ஆச்சா, 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டா ஒரு வோல்ட்டுக்கு மேல அதுலயே போயிரும், பம்பு சோம்பிப் போய் ஓடும், நீங்க பம்பைத்தான் குறை சொல்வீங்க. 4 ஸ்கொயர் போடுங்க, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் வைங்க. அப்புறம் உங்க போட்டு பேட்டரி 12-ஆ 24-ஆன்னு பாத்துட்டுதான் கடைக்கே போகணும்.

கேள்வி: ஃபைபர் போட்டுல அவுட்போர்டுக்கு (படகுக்கு வெளிய பின்னால மாட்டுற இஞ்சின்) பெட்ரோல் மாத்தவும் இதே பம்பு ஆகுமா?

பதில்: கூடாது. மோட்டார் பிரஷ்ல பொறி வரும், பெட்ரோல் ஆவி பக்கத்துல இருந்தா குப்புன்னு பத்திக்கும். பெட்ரோலுக்குன்னே பொறி வெளிய வராத மாதிரி செஞ்ச பம்பு தனியா இருக்கு, அது இல்லாதவரைக்கும் கையால சிஃபான் போட்டே (மேல இருந்து கீழ குழாய்ல தானா இறங்க விட்டு) மாத்துங்க, பக்கத்துல பீடி சிகரெட்டோட யாரையும் விடாதீங்க.