புண்ணில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் கிருமி சாகுமா?

கேள்வி: என் கணவர் வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்கிறார். காலில் அடிக்கடி கிழித்துக்கொண்டு வருகிறார். சர்க்கரை வியாதியும் இருக்கிறது. "குட்டைத் தண்ணியிலேயே கழுவு, உப்புல கிருமி செத்துடும்" என்கிறார் மாமியார். அது சரியா, டாக்டர்?

பதில்: மாமியார் சொல்வது கருவாட்டுக்குப் பொருந்தும் அம்மா, காலுக்குப் பொருந்தாது.

வெளியே உப்பு கூடினால் பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறும். உடல் சுருங்கும், வளர்ச்சி நிற்கும். ஆனால் பல பாக்டீரியாக்கள் அதோடு விட்டுவிடுவதில்லை. சில நிமிடங்களிலேயே பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அப்புறம் புரோலின், பீட்டெய்ன் போன்ற, தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள்களைச் சேர்த்துவைத்து, இழந்த தண்ணீரை மீட்டுக்கொள்ளும். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 10 சதவீத உப்பிலும் வளரும். கடல் தண்ணீரில் இருப்பதோ சுமார் 3.5 சதவீதம்தான். உங்கள் ஊர் உப்பளத்தில் உப்பு விளையும் நேரம் பாத்தித் தண்ணீர் சிவந்து கிடந்தால், அந்த நிறமே பெரும்பாலும் அதில் வாழும் நுண்ணுயிர்களுடையதுதான்.

சரி, உப்பை இன்னும் கெட்டியாகக் கரைத்து ஊற்றலாமா? வேண்டவே வேண்டாம். இந்தக் கிருமிகள் தாங்கும் அளவு உப்பை நம் செல் தாங்காது. கிருமிக்கு முன்னால் நம் சதைதான் வாடும். ஆஸ்பத்திரி சலைனில் 0.9 சதவீத உப்புதான். ரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவு அது. அழுக்கை அடித்துக்கொண்டு போகத்தான் ஊற்றுகிறோம், கிருமியைக் கொல்ல அல்ல.

எனக்கு உண்மையான பயம் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி. அது வளரவே உப்பு வேண்டும். வெதுவெதுப்பான உவர்நீர் அதற்குத் தாய்வீடு. இந்தத் தொற்று அடிக்கடி வருவதில்லை. ஆனால் சர்க்கரை வியாதியோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு வந்தால், ஒரே நாளில் சதை அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் காலில் பட்டதும் கரையேறி, நல்ல குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். புண் ஆறும்வரை குட்டையில் இறங்கவே கூடாது. சிவப்பு மளமளவென்று பரவினாலோ, காயத்துக்கு மீறிய வலி இருந்தாலோ, கருநீலக் கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதலில் "இறால் குட்டைத் தண்ணி பட்ட காயம், சர்க்கரையும் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அதை வைத்துத்தான் எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார்.