காஸ்பியனில் அந்தக் கோட்டைத் தாக்குதல் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்னியா வரிசையின் முதல் படம் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. இரண்டாவதான ‘பிரின்ஸ் காஸ்பியன்’ பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரே இருட்டு, ஓயாத சண்டை, சிங்கத்தைக் கண்ணிலேயே காணோம். நாவலை எடுத்துப் பார்த்தால் நடுவில் வரும் கோட்டைத் தாக்குதல் அதில் கிடையாது. சண்டை வேண்டும் என்று செருகியதுதானே? பேசாமல் மூன்றாவது படத்துக்குப் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செருகியதுதான். ஆனால் அதை உருவிப் பாருங்கள், மிச்சப் படம் நிற்காது.

சி.எஸ். லூயிஸ் 1951இல் எழுதிய நாவலில் பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு பிள்ளைகளும் நார்னியா என்ற மாய உலகின் பாழடைந்த கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் டிரம்ப்கின் என்ற குள்ளன் இளவரசன் காஸ்பியனின் கதையைச் சொல்ல உட்கார்ந்துவிடுகிறான். நான்கு அத்தியாயம் போகிறது. படிக்க சுகம். திரையில் அப்படியே எடுத்தால் நாயகர்கள் நால்வரும் கதை கேட்டபடி சும்மா இருக்கவேண்டியதுதான். இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன் அதைக் கலைத்து, காஸ்பியன் தப்பியோடும் இரவையே முதல் காட்சி ஆக்கினார். நாட்டை ஆளும் சித்தப்பா மிராஸுக்கு மகன் பிறக்கிறான். இனி அண்ணன் மகன் எதற்கு? ஆசான் கார்னீலியஸ் வந்து எழுப்பி காஸ்பியனை ஒரு அலமாரி வழியாக வெளியேற்றுகிறார். வெறும் படுக்கையில் அம்புகள் பாய, இறகுகள் பறக்கின்றன. முதல் படத்தில் பிள்ளைகள் நார்னியாவுக்குள் நுழைந்ததும் ஒரு அலமாரி வழியாகத்தான்.

பீட்டருக்கு வருவோம். நார்னியாவில் வளர்ந்து ஆளாகி அரசாண்டவன், லண்டனில் மறுபடி பள்ளிப் பையன். ரயில் நிலையத்தில் யாரோ இடித்ததற்குக் கைகலப்பில் இறங்குகிறான். படம் அவனை எரிச்சல்காரனாக்கிவிட்டது என்று நாவல் ரசிகர்கள் குறைபடுவார்கள். எனக்கு அதுதான் படத்தின் நேர்மை. மணிமுடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் யாருக்குத்தான் வராது கோபம்?

இந்தக் கோபத்தோடு அவன் போடும் திட்டம்தான் உங்களை உறுத்தும் தாக்குதல், மிராஸின் கோட்டை மீது. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின்கள் ஆட்களைத் தூக்கிவந்து இறக்கும், எட்மண்ட் கோபுரத்திலிருந்து டார்ச் அடித்துச் சைகை காட்டுவான், உள்ளே போனவர்கள் வாயிலைத் திறந்தால் வெளியே காத்திருக்கும் படை நுழையும். கெடுவது இரண்டு இடத்தில். காஸ்பியன் திட்டத்தை விட்டு விலகி ஆசானை மீட்கப் போகிறான். அப்பாவைக் கொன்றது சித்தப்பாதான் என்று தெரிந்ததும் நேராக மிராஸின் படுக்கையறைக்கே போய்விடுகிறான். அபாய மணி அடிக்கிறது. திரும்பிவிடலாம் என்கிறாள் சூசன். பீட்டர் கேட்பதில்லை, வாயில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். படை உள்ளே வந்தபின் பின்வாங்கச் சொல்லி என்ன பயன்? விழும் இரும்புக் கதவை காளைத் தலை மனிதனான ஒரு மினோட்டார் முதுகில் தாங்கிப் பிடித்து, முடியாமல் சரிகிறது. உயரும் பாலத்தைக் குதிரையில் தாண்டிய பீட்டர் திரும்பிப் பார்க்கிறான்: கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவனை நம்பி வந்தவர்கள். குழந்தைகள் படத்தில் நாயகனின் தவறுக்கு இவ்வளவு விலை வைப்பது அபூர்வம்.

இதற்குப் பிறகுதான் குள்ளன் நிக்காப்ரிக் முதல் படத்தின் வில்லியான வெள்ளைச் சூனியக்காரியை வரவழைக்கும் காட்சி எடுபடுகிறது. நாவலில் அது பேச்சோடு நின்று கைகலப்பில் முடியும். படத்தில் பனிச்சுவருக்குள் அவளே நின்று, ஒரு துளி ரத்தம் கேட்டுக் கை நீட்டுகிறாள். காஸ்பியனைத் தள்ளிவிட்ட பீட்டரும் வாளை ஓங்கியபடி தயங்குகிறான். தோற்றவனுக்குத்தானே சபலம் வரும்? சட்டென்று பனி விரிசல் விடுகிறது, அவள் உடலில் ஒரு வாள்முனை. நொறுங்கிய சுவருக்குப் பின்னால் எட்மண்ட். முதல் படத்தில் அவளுடைய மிட்டாய்க்கு உடன்பிறந்தவர்களை விற்றவன். இரண்டாம் பாகம் என்று ஒன்று எடுத்தால் இப்படி ஒரு இடமாவது இருக்கவேண்டும். கடைசியில் மிராஸைக் கொல்ல வாள் கையில் கிடைத்தும் காஸ்பியன் விட்டுவிடுவதன் எடையும் அந்தப் படுக்கையறைக் கோபத்தைப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

குறைகள் உண்டு. சூசன்–காஸ்பியன் காதல் வேண்டாத ஒட்டு. நீங்கள் தேடிய சிங்கம் அஸ்லான் வராத நடுப்பகுதியில் லூசிக்குப் போதிய வேலை இல்லை. வசூலும் சரிந்தது: 2005இல் முதல் படம் உலகெங்கும் ஏறத்தாழ 74 கோடி டாலர், இது 42 கோடி. அயர்ன் மேனுக்கும் இண்டியானா ஜோன்ஸுக்கும் நடுவே 2008 மே மாதத்தில் வெளியிட்டால் வேறென்ன ஆகும்?

பிள்ளைகளோடு மறுபடி பார்ப்பதென்றால், லண்டனில் ஒரு வருடம் போவதற்குள் நார்னியாவில் 1,300 வருடம் போய்விட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் பாழடைந்த கோட்டை அவர்களுடைய பழைய அரண்மனை என்பதே பிடிபடாது. தாக்குதல் முடிந்ததும் நிறுத்தி மிச்சத்தை மறுநாள் போடலாம். சூனியக்காரி காட்சியின்போது சின்னவர்களைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதற்குத் தாவ வேண்டாம். அதில் நால்வரில் பயணம் போவது எட்மண்டும் லூசியும்தான். பீட்டரும் சூசனும் இனி வரமுடியாது என்பது இரண்டாவதன் முடிவில்தான் சொல்லப்படுகிறது. சூனியக்காரியும் எட்மண்டைத் தேடி அங்கே மறுபடி வருவாள். பனிச்சுவரை உடைத்தவன் அவன் என்று உங்கள் பிள்ளைகளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்.