எஃப்.டி. என்று சொல்லி இன்சூரன்ஸா? ஏஜென்சிக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள்

எஃப்.டி. போடப் போன அப்பாவின் தலையில் வங்கியில் ஆயுள் காப்பீட்டைக் கட்டிவிட்டார்கள், பணத்தை மீட்டுத் தர ஓர் ஏஜென்சி 20 சதவீதம் கேட்கிறது என்கிறீர்கள். அந்த ஏஜென்சியை முதலில் கழற்றிவிடுங்கள் சார். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யக் கட்டணமே கிடையாது. வக்கீலோ ஏஜென்டோ அங்கே அப்பாவுக்காக வாதாடவும் முடியாது.

பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையென்றால் ஃப்ரீ லுக்கில் (பாலிசியைப் படித்துப் பார்த்து, வேண்டாமென்றால் திருப்பித் தரும் அவகாசம்) திருப்பிவிடலாம். தாண்டிவிட்டதா? காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே இல்லாமல் போனாலோ, ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும்.

அப்புறம், விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பென்ஷன்காரரை ‘வியாபாரி, ஆண்டு வருமானம் 12 லட்சம்’ என்று நிரப்பியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பாலிசி விவரங்களை உறுதிசெய்ய நிறுவனம் அப்பாவுக்குச் செய்த சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவையும் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். ‘எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க’ என்று பக்கத்தில் நின்றவர் குரல்கூடச் சில சமயம் அதில் விழுந்திருக்கும்.