முன்கண்ணாடியில் கல் பட்டால் கிளைம் செய்யலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குச் சென்றபோது, முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி என் காரின் முன்கண்ணாடியில், இடது பக்கமாக, நாணயத்தைவிடச் சிறிய நட்சத்திரம் போன்ற வடுவை உண்டாக்கிவிட்டது. கார் வாங்கி நான்காம் ஆண்டு நடக்கிறது. இதுவரை கிளைம் எதுவும் செய்ததில்லை. கிளைம் செய்தால் போனஸ் (கிளைம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும் என்கிறார் ஏஜென்ட். கண்ணாடிக்குத் தேய்மானம் (பழசானதற்கான மதிப்புக் குறைப்பு) பிடிக்க மாட்டார்கள், தயங்காமல் செய்யுங்கள் என்கிறார் மைத்துனர். எது சரி? பாலிசி பொள்ளாச்சியில் எடுத்தது.

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான், ஆனால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உங்களுக்கு விடை கிடைக்கும்.

அதற்கு முன், கண்ணாடியைக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. காருக்குள் அமர்ந்து, வடு இருக்கும் இடத்தில் உள்பக்கமாக நகத்தால் வருடிப் பாருங்கள்; வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் அடிபட்டது வெளித்தகடு மட்டுமே. இத்தகைய சிறு வடுவுக்குள் ரெசின் செலுத்தி, புறஊதா விளக்கில் இறுகவைத்துச் சரிசெய்துவிடலாம். ஓட்டுநரின் பார்வைக்கு நேராக இல்லாததும் உங்களுக்கு நல்லதே, ஏனெனில் சரிசெய்த பிறகும் மெல்லிய தடம் தெரியும். அதுவரை தூசியும் மழைநீரும் இறங்காதபடி அதன்மேல் நிறமற்ற டேப் ஒன்றை ஒட்டிவையுங்கள். பாலக்காட்டு வெயிலில் நின்று சூடேறிய காரில் ஏறியவுடனே ஏசியின் குளிர்காற்றைக் கண்ணாடி மீது திருப்பாதீர்கள். கடுகளவு விரிசல் ஒரே பயணத்தில் குறுக்கே ஓடுவது இப்படித்தான்.

விரிசல் ஏற்கெனவே ஓடிவிட்டது என்றால் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை என்பது சரி. ஆனால் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ஒட்டும் பசைக்குத் தனிச் சேர்ப்பு (கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு எடுக்கும் ஆட்-ஆன்) இல்லாவிட்டால் பொதுவாகப் பணம் கிடைக்காது. இவை தவிர, 1500 சிசி வரையிலான காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாய் என்று கிளைம் தொகையில் கட்டாயமாகக் கழித்துக்கொள்வார்கள்; அது உங்கள் பொறுப்பு.

இனி போனஸ். அடுத்த புதுப்பித்தலில் உங்களுக்கு 45 சதவீதமும், அதற்கடுத்த ஆண்டிலிருந்து 50 சதவீதமும் கிடைக்க வேண்டும். கிளைம் செய்தால் அது பூஜ்ஜியத்திலிருந்து 20, 25, 35, 45 என்று மறுபடி படியேறி வரும். ஆண்டுவாரியாக நீங்கள் இழப்பது 45, 30, 25, 15, 5 சதவீதம். மொத்தம் 120 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் (உங்கள் காரின் சேதத்துக்கான பிரீமியம்), போனஸ் கழிக்கும் முன், 8000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இழப்பு 9600 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் உண்மை இழப்பு சற்றுக் குறையலாம்; 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் சற்றுக் கூடும். ஆகவே கண்ணாடிக்கான பில் 10,000 ரூபாயை ஒட்டி இருந்தால் கைக்காசைச் செலவழிப்பதே மேல் என்பது என் கருத்து. கேமரா பொருத்திய, விலை மிகுந்த கண்ணாடி என்றால் தயங்காமல் கிளைம் செய்யுங்கள். உங்கள் பாலிசியில் போனஸ் பாதுகாப்புச் சேர்ப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால், கண்ணாடிக்கு மட்டும் கிளைம் செய்யும்போது அது செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது.

கிளைம் செய்வதென்றால், சேதத்தைப் படமெடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் பார்வையிட்டு ஒப்புதல் தந்த பிறகே கண்ணாடியைக் கழற்ற விடுங்கள். முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பில்லோடு போய் நின்று ஏமாந்தவர்களின் கடிதங்கள் இப்பகுதிக்கு அடிக்கடி வருகின்றன; படிக்கவே வருத்தமாக இருக்கிறது. பாலிசி இந்தியா முழுவதும் செல்லும் என்பதால் வேலையைப் பாலக்காட்டிலும் செய்யலாம், பொள்ளாச்சியிலும் செய்யலாம். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியில் போய் நிற்பதற்கு முன்பே, அதை வழங்கிய வங்கியிடம் மாற்று டேக் கேட்டுவிடுங்கள்.

நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எல்லையில் வாழும் உங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கேரளத்தில் குடியிருப்பதைக் காட்டிக் கொச்சி அலுவலகத்தையும் அணுகலாம், பாலிசி தந்த கிளை பொள்ளாச்சியில் இருப்பதால் சென்னை அலுவலகத்தையும் அணுகலாம்.

கேள்வி: எனக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டுமே உள்ளது. நிறுத்தியிருந்த காரின் பின்கண்ணாடி மீது தேங்காய் விழுந்து நொறுங்கிவிட்டது. ஏதாவது கிடைக்குமா? (கோவிந்தாபுரம் வாசகர்)

பதில்: கிடைக்காது. அந்தப் பாலிசி உங்கள் காரால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். புதுக் கண்ணாடி வாங்கும்போது அதன் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓன் டேமேஜ் பாலிசியைத் தனியாகவும் எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே உடைந்த இந்தக் கண்ணாடிக்கு அது உதவாது.