ஓம் கூடினால் ஒலி கூடுமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்): ஐயா, ஓய்வுபெற்ற பிறகு மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி, விடியற்காலையில் நார்த் பீச் மணலில் நடந்துகொண்டிருக்கிறேன். கூட வந்த ஹெட்ஃபோன் உடைந்துவிட்டது. கடைப்பையன் "ஓம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தரம்" என்று சொல்லி 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்ஃபோன் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டான். மாட்டினால் கொசு முனகுகிற மாதிரி கேட்கிறது. டிடெக்டர் பழுதா, ஹெட்ஃபோன் பழுதா, என் காது பழுதா? எனக்குத் தெரிந்த ஓம் எல்லாம் கிளேர்வுட் கோயிலில் சொல்வதுதான்.

பதில்: மூன்றும் நன்றாகத்தான் இருக்கும் ஐயா, தப்பு கடைப்பையனின் கணக்கில். இம்பீடன்ஸ் என்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்துக்கு ஹெட்ஃபோனுக்குள் இருக்கிற சுருள் காட்டும் எதிர்ப்பு, அதை அளப்பது ஓமில். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1 வோல்ட் தருகிற கருவியில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் அது சுமார் 31 மில்லிவாட் மின்சக்தி இழுத்துக்கொள்ளும், 250 ஓம் ஹெட்ஃபோன் 4 மில்லிவாட்டோடு நின்றுவிடும். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் இது ஏறக்குறைய 9 டெசிபெல் குறைவு, காதுக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம். ஸ்டூடியோவில் இதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் வைத்து அதிக வோல்ட் கொடுத்துத் தள்ளுவார்கள். உங்கள் டிடெக்டருக்குள் இருப்பது பேட்டரியில் ஓடுகிற சின்ன சர்க்யூட், அது பாவம் எவ்வளவுதான் தள்ளும்.

சரி, அப்படியானால் ஓம் குறைவாக இருப்பதையே வாங்கலாமா என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. "மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்" என்றேன் அல்லவா, அந்த 'மற்றது' சென்சிடிவிட்டி. அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்கிற கணக்கு. குழம்பில் எத்தனை மிளகாய் போட்டீர்கள் என்று மட்டும் சொன்னால் காரம் தெரியாது, எந்த மிளகாய் என்றும் சொல்ல வேண்டும், அது மாதிரிதான். மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் 32 ஓம் ஹெட்ஃபோன் ஒன்று, 108 டெசிபெல் தரும் 150 ஓம் ஹெட்ஃபோன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வோல்ட்டில் அந்த 150 ஓம்தான் ஒரு டெசிபெல் போலக் கூடுதலாகக் கத்தும். டிடெக்டருக்கென்றே செய்யும் ஹெட்ஃபோன்களில் 100, 150 ஓம் என்று போட்டிருந்தும் சத்தம் கணீரென்று வருவது இதனால்தான். பெட்டியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்கு இத்தனை என்று போடும், சில வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும். மேலே சொன்ன 32 ஓம் ஹெட்ஃபோனின் 100 டெசிபெல்லை வோல்ட் கணக்கில் எழுதினால் 115 ஆகிவிடும்! பொருள் ஒன்றேதான், எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சில கருவிகளில் ஹெட்ஃபோன் துளைக்கு முன்னால் பாதுகாப்புக்காக ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது 100 ஓம் என்றால், 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு வந்து சேருவது மொத்த வோல்ட்டில் கால் பங்குதான், 150 ஓமுக்கு 60 சதவீதம் கிடைக்கும். ஆக, ஒரு கருவியில் நன்றாகக் கேட்கும் ஹெட்ஃபோன் பக்கத்து வீட்டுக்காரரின் கருவியில் சொதப்புவதில் ஆச்சரியமே இல்லை. ரொம்பக் குறைந்த ஓம், அதாவது 8 ஓம் போலப் போட்டால் சர்க்யூட் அதிகக் கரண்ட் கொடுக்கத் திணறி ஒலி கரகரக்கலாம், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். என் யோசனை இதுதான்: டிடெக்டரோடு வந்த கையேட்டில் ஓம் எவ்வளவு என்று பாருங்கள், அதற்கு அருகிலேயே வாங்குங்கள், பிறகு அந்த ஓமில் கிடைப்பவற்றுக்குள் சென்சிடிவிட்டி அதிகமானதை எடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் உடைந்த பழைய ஹெட்ஃபோனின் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், காட்டுகிற எண் அச்சிட்ட ஓமைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அது சகஜம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யலாம். டிடெக்டரின் அடியில் இருக்கிற வட்டத்தை முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் வையுங்கள் (இரும்பு நாற்காலி வேண்டாம்), பக்கத்தில் மர ஸ்கேலை நிறுத்துங்கள். தாத்தா காலத்து டிக்கி, அதாவது மூன்று பென்னி காசு, ஒன்று வீட்டில் கிடந்தால் எடுங்கள், 1923 முதல் 1950 வரை அடித்ததில் 80 சதவீதம் வெள்ளி, நல்ல சிக்னல் வரும். இல்லாவிட்டால் 5 ராண்ட் காசு போதும். காசை விரலில் பிடித்து வட்டத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே உயர்த்திக்கொண்டு போங்கள். ஒலி மெலிந்து மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு, ஹெட்ஃபோனை மாற்றி மறுபடி பாருங்கள். பக்கத்தில் இருக்கும் காசு எந்த ஹெட்ஃபோனிலும் கேட்கும், ஆழத்தில் இருப்பதன் அந்த முனகலுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், சூப்பர் பேஸ் என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், டிடெக்டர் போடும் ஒலியெல்லாம் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரம் சொச்சம் வரைதான். அலைச் சத்தம் உள்ளே வராதபடி காதை முழுக்க மூடுகிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். ஒலியைக் குறைக்கும் திருகு ஹெட்ஃபோனிலேயே இருப்பதும் நல்லது, கோக் டின் ஒன்றின் மேல் வட்டம் போகும்போது அதன் அருமை தெரியும்.

அந்த 250 ஓமைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரும் கேட்பான், அது உங்கள் பாடு.

கேள்வி (ஃபீனிக்ஸ்): புளூடூத் ஹெட்ஃபோன் போட்டால் இந்த ஓம் தலைவலியே இல்லையாமே?

பதில்: இல்லைதான், அதற்குள்ளேயே சொந்த ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ஆனால் வேறு தலைவலி வரும். சாதாரண புளூடூத்தில் ஒலி 200 மில்லிசெகண்ட் போலத் தாமதமாகத்தான் காதுக்கு வரும். நீங்கள் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வட்டத்தை வீசினால், சத்தம் கேட்கும்போது வட்டம் காசைத் தாண்டி 20 சென்டிமீட்டர் போயிருக்கும். தப்பான இடத்தில் குழி தோண்டிக் குழி தோண்டி இடுப்புப் போகும். குறைந்த தாமதம் உள்ள முறைகளில் அது 40 மில்லிசெகண்ட், அதாவது 4 சென்டிமீட்டர், சமாளிக்கலாம். ஆனால் டிடெக்டர், ஹெட்ஃபோன் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன்.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): பள்ளி விடுமுறையில் மகனையும் டிடெக்டரையும் கூட்டிக்கொண்டு ஸ்பியோன்கோப் மலைக்குப் போகலாமா? ஆங்கிலேயர்-போயர் போர் நடந்த இடம், தோட்டா ஏதாவது கிடைக்குமே.

பதில்: மகனைக் கூட்டிப் போங்கள், டிடெக்டரை வீட்டில் வையுங்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட போர்ச் சின்னங்களும் அவை கிடக்கும் இடமும் 1999 ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி தொல்லியல் கணக்கில் வருகின்றன. அனுமதி இல்லாமல் அங்கே உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதே குற்றம், தோண்டினால்தான் என்றில்லை. கடற்கரையில் 60 ஆண்டுக்கு மேற்பட்ட கப்பல் சிதைவுக்கும் பாதுகாப்பு உண்டு, ஆகவே ஆணி, பலகை என்று கிடைத்தால் கை வைக்காதீர்கள். 1900 ஜனவரியில் அந்த மலையில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம் ஆட்கள் நிறையப் பேர். மகனுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி (வெருலம்): புது ஹெட்ஃபோனில் இடது காதில் மட்டும்தான் சத்தம் வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நானும் ஒரு முறை மூன்று வாரம் இடது காதாலேயே மணலைக் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், அசடு வழிந்து திரும்பியவன். பிளக்கின் கழுத்தைப் பாருங்கள்: கருப்பு வளையம் ஒன்று இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. உங்களுடையது ஸ்டீரியோ, டிடெக்டரின் துளை மோனோவாக இருக்கும், அதனால் வலது பக்கத்துக்கு ஒலி போகவில்லை. மோனோ பிளக்கும் ஸ்டீரியோ துளையும் உள்ள ஒரு சின்ன அடாப்டரை நடுவில் போட்டால் இரண்டு காதும் வந்துவிடும். ஆனால் அப்படிச் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் பக்க இணைப்பில் வந்து ஓம் பாதியாகும், 32 என்று எழுதியிருப்பது டிடெக்டருக்கு 16 ஆகத் தெரியும். கையேட்டில் 16க்குக் கீழே போகாதே என்றிருந்தால் பரவாயில்லை. 32க்குக் கீழே கூடாது என்றிருந்தால் அடாப்டரை விட்டுவிட்டு மோனோ ஸ்விட்ச் போட்டாலும் 32க்குக் குறையாத ஹெட்ஃபோனாகவே மாற்றிக்கொள்ளுங்கள், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?