ரயிலும் படகும் இருக்க, பாங்காக்கில் கார் எதற்கு?

பாங்காக்கின் சிலோம் பகுதியில் ஆறு வருடம் குடியிருந்தேன். அத்தனை நாளும் எங்களிடம் கார் இல்லை, தேவைப்படவும் இல்லை. அங்கே சுற்றுலா கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணங்கள் நான் கடைசியாகக் கொடுத்தவை, கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

அக்கா, நாலு நாளைக்கும் டிரைவரோடு வேன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் டிராவல்ஸ்காரர். பெரியவர்கள் மூன்று பேர், ஒரு குழந்தை. எடுக்கலாமா?

வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் சுகும்வித் சாலையில் மாட்டிக்கொண்டால், வேன் நிற்க, தலைக்கு மேலே பிடிஎஸ் ரயில் போய்க்கொண்டே இருக்கும். 1999 கடைசியில் இந்த வான்ரயில் ஓட ஆரம்பித்தது. 2004இல் சுரங்க ரயிலான எம்ஆர்டி வந்தது. ஊரில் பார்க்க வேண்டிய முக்கால்வாசி இடங்கள் இந்த இரண்டிலும் ஆற்றுப் படகிலும் அடங்கிவிடும்.

வேனுக்கு வைத்த பணத்தை ஹோட்டலில் போடுங்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுப்பதுதான் இந்த ஊரில் பாதி வேலை. அசோக், சியாம், சலா தேங், பயா தாய், இந்த நாலில் ஒன்றின் அருகே பாருங்கள். நாலுமே வேறு ரயிலுக்கு மாறும் இடங்கள். ஒரு எச்சரிக்கை: 'சோய்' என்கிற கிளைத்தெருக்கள் நீளமாக உள்ளே போகும். சுகும்வித்தில் ஒற்றைப்படை எண் சோய்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். எண்கள் நேருக்கு நேர் வராது. தோங் லோ நிலையத்தில் ஒரு பக்கம் சோய் 55, எதிர்ப்பக்கம் சோய் 38! ஆகவே தெரு எண்ணை நம்பாமல், மேப்பில் நடைதூரத்தைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் எப்படி வருவது? ராத்திரி 1 மணிக்கு இறங்குகிறோம்.

அந்த நேரத்தில் ரயில் இல்லை, நள்ளிரவோடு நின்றுவிடும். சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் தரைத்தள வாசலுக்கு வந்தால் மெஷினில் டாக்சி சீட்டு வரும். சீட்டில் இருக்கும் எண்ணுள்ள இடத்தில்தான் உங்கள் வண்டி நிற்கும். மீட்டர் 35 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று தொடங்கும். அதோடு ஏர்போர்ட் கட்டணம் 50 பாட், மேம்பாலத்தில் போனால் டோல் தனி. இவை நியாயமானவையே, சண்டை போட வேண்டாம். "மீட்டர் வேண்டாம், மொத்தமாக இவ்வளவு" என்றால் மட்டும் ஏறாதீர்கள்.

பகலில் இறங்குகிறவர்கள் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போங்கள். ஏர்போர்ட் ரயில் அரை மணியில் பயா தாயில் விடும், 45 பாட்தான். அங்கே பிடிஎஸ்ஸுக்கு மாறலாம். எம்ஆர்டி வேண்டுமென்றால் பயா தாய்க்கு இரண்டு நிலையம் முன்னதாக, மக்காசானிலேயே இறங்கிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு போதுமா?

போதாது, இதில்தான் பலர் கேட்டில் நின்று தவிக்கிறார்கள். பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வேறு வேறு நிர்வாகம். பிடிஎஸ்ஸுக்கு 'ராபிட்' கார்டு, வாங்கும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள். எம்ஆர்டியில் தட்டிப் போகும் வசதியுள்ள பேங்க் கார்டையே கேட்டில் காட்டலாம். இல்லையென்றால் கறுப்பு வில்லை போல ஒரு டோக்கன் தருவார்கள், வெளியே வரும்போது அதைப் போட வேண்டும். நாலைந்து முறைதான் ஏறுவீர்கள் என்றால் ராபிட் கார்டும் தேவையில்லை, அவ்வப்போது டிக்கெட் எடுத்தால் போதும்.

அரண்மனைக்கு எந்த நிலையத்தில் இறங்க வேண்டும்?

2019இல் வந்த எம்ஆர்டி சனாம் சாய் நிலையம் வாட் போ கோயிலுக்குப் பக்கம், அங்கிருந்து அரண்மனை நடைதூரம். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் ஆற்று வழியைத்தான் சொல்வேன். பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் போங்கள். படியிறங்கியதும் சாத்தோன் படகுத்துறை. அங்கே நீலக்கொடி கட்டிய சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்கக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஆரஞ்சுக் கொடிப் படகைக் கேளுங்கள். எங்கே இறங்கினாலும் 16 பாட், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு அதுதான். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை. படகு துறையில் நிற்பது சில நொடிதான், குழந்தையை முன்பே கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிக்குகளுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே உட்கார வேண்டாம், பெண்கள் அவர்கள் மேல் படாமல் தள்ளி நிற்பது மரியாதை.

திரும்பும்போது தா தியென் துறையிலிருந்து எதிர்க்கரைக்குச் சின்னப் படகில் போனால் வாட் அருண் கோயில். சாயங்கால வெயிலில் அந்தக் கோபுரத்தில் பதித்த பீங்கான் சில்லுகள் மின்னுவதை ஆற்றிலிருந்து பார்க்க வேண்டும். ஆறு வருடத்தில் எனக்கு அது ஒருநாளும் அலுக்கவில்லை.

அரண்மனை வாசலில் "இன்று மூடியிருக்கிறது, டுக்டுக் ஆட்டோவில் வேறு கோயில் காட்டுகிறேன்" என்கிறார்களாமே?

ஆமாம், போன புதிதில் நானே ஏறியிருக்கிறேன். 20 பாட் என்று கூட்டிப்போனவர் ஒரு கோயிலைக் காட்டிவிட்டு, ரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு மணி நேரம் போயிற்று. தெருவில் தானாக வந்து பேசுகிறவர் என்ன சொன்னாலும், நேரே டிக்கெட் கவுண்டர் வரை நடந்து போய்க் கேளுங்கள். டுக்டுக் ஆசை இருந்தால் சைனா டவுன் பக்கம் ராத்திரியில் ஒருமுறை, ஏறும் முன்பே விலை பேசிக்கொண்டு போய்வாருங்கள். தினப்படி போக்குவரத்துக்கு மீட்டர் டாக்சியோ, முன்கூட்டியே கட்டணம் காட்டும் கிராப் செயலியோதான் சரி.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. படி ஏற மாட்டார். ரயில் ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் திட்டம் வேண்டும். பிடிஎஸ் நிலையத்தில் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது, அது சாலையின் எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம். நிலையத்துக்குள் நுழைந்ததும் காவலரிடம் 'லிஃப்ட்' என்று கேளுங்கள், கூடவே வந்து காட்டுவார்கள். காலை 7 முதல் 9 வரையும், மாலை 5 முதல் 7 வரையும் ரயிலைத் தவிருங்கள். ஆடும் படகில் ஏறி இறங்குவது அம்மாவுக்குச் சிரமம். அவரோடு அரண்மனைக்கு சனாம் சாய் வழியாகப் போய், மீதித் தூரத்துக்கு டாக்சி பிடியுங்கள். டாக்சிக்குத் தயங்காதீர்கள், கிட்டத்துத் தூரத்துக்கு நம்மூர் ஆட்டோ செலவுதான் ஆகும்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் அப்படியே நிற்பார்கள். நாமும் நிற்க வேண்டும்.

ஒருநாள் வெளியூர் போக வேண்டுமென்றால்?

பழைய தலைநகரான அயுத்தயா போங்கள், ரயிலிலேயே. ஒன்றரை மணி நேரம். 1916இல் திறந்த பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து இன்னும் சாதாரண ரயில்கள் போகின்றன. மூன்றாம் வகுப்பு 20 பாட் அளவில்தான். ஜன்னல் திறந்திருக்கும், வயல் காற்று வரும். அயுத்தயாவில் இறங்கி எதிரே நடந்தால் ஓடம், அக்கரையில் பழைய நகரம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், வெயிலுக்கு முன் சுற்றிவிடுங்கள்.

பட்டாயா என்றால் பிடிஎஸ் எக்கமாய் நிலையத்தை ஒட்டியே பஸ் ஸ்டாண்ட்.

மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறதாமே, எப்படிப் போவது?

சிலோம் சாலையும் பான் தெருவும் சேரும் முனையில், நம் கோபுரத்தோடு நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. 'வாட் கேக்' என்றால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். பிடிஎஸ் சுராசக்கில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கலாம். உள்ளே நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களாக இருப்பார்கள், அவ்வளவு நம்பிக்கை அவர்களுக்கு. விஜயதசமி இரவு அம்மன் புறப்பாட்டுக்காகச் சிலோம் சாலையையே மூடிவிடுவார்கள். அன்றைக்குப் போகிறீர்கள் என்றால் டாக்சி உள்ளே வராது, ரயிலிலேயே வந்துவிடுங்கள்.