பழைய அமெரிக்க காரை வாங்கிப் புதுப்பிக்கும்போது அசலாகவே வைப்பதா, நம் இஷ்டத்துக்கு மாற்றுவதா?

கேள்வி கேட்டவர் ஒஹாயோவில் ஒரு 1966 ஃபோர்டு மஸ்டாங்கைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) போடலாமா என்று கேட்கிறார். மிச்சிகனில் அதே வருடத்து மஸ்டாங் கூபே (கூரை நிலையாக உள்ள இரண்டு கதவு கார்) ஒன்றை நான்கு வருடம் கராஜில் போட்டுப் புரட்டியவன் நான். எஞ்சின் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

முன் கண்ணாடிக்கு அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய ஒரு பெட்டி இருக்கிறது. கௌல் என்பார்கள். உள்ளே காற்று வர அதுதான் வழி. மழைத் தண்ணீரும் அதற்குள் இறங்கி ஓரமாக வெளியே போக வேண்டும். அறுபது வருடத்து இலைச் சருகு அதற்குள் ஊறிக் கிடக்கும். தகடு அடியிலிருந்து துருப்பிடித்து ஓட்டை விழும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போது இது யார் கண்ணிலும் படாது.

எனக்கு இது தெரியாது. காரை வாங்கியதும் தரை பொத்தலாக இருந்ததைப் பார்த்து, இரண்டு பக்கமும் புதுத் தகரம் வெட்டி வைத்து வெல்டிங் செய்து, கார்பெட்டும் விரித்துவிட்டேன். முதல் மழையில் பிரேக் பெடலின் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. கார்பெட்டைத் தூக்கினால் புதுத் தகரத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு! தரை துருப்பிடித்ததற்குக் காரணமே மேலே இருந்த கௌல்தான். அப்புறம் ஃபெண்டர், பானெட் எல்லாவற்றையும் கழற்றி, கௌலின் மேல் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பிடித்திருந்த ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரித்தேன். நூறுக்கும் மேல் இருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலையிலேயே போனது. தண்ணீருடன் ஒரு காந்தமும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் ஊர் உங்களுடையது, துரு சீக்கிரம் பிடிக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

சரி, வி8. இதற்குப் பதில் காரின் உடலில் தொழிற்சாலையிலேயே பொறித்த எண்ணில் இருக்கிறது (நம்பர் பிளேட் இல்லை). என் காரில் அது 6எஃப்07டி என்று தொடங்கும். 6 என்றால் 1966, எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை (என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்), 07 என்றால் கூபே. கடைசி எழுத்துதான் எஞ்சின்: டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். அந்த இடத்தில் கே இருந்தால் அது 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல வி8. அப்படி ஒரு கார் கையில் கிடைத்தால் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீர்கள். டி கூபேயில் அந்தக் கவலை இல்லை. 1966 மாடலில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் மஸ்டாங் விற்றிருக்கிறது. உங்கள் கார் மாறினால் வரலாறு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் ஆறு சிலிண்டர் காரில் வி8 வைப்பது எஞ்சின் மாற்றும் வேலை மட்டும் இல்லை. ஆறு சிலிண்டர் காரின் சக்கரத்தில் நான்கு போல்ட், வி8 காரில் ஐந்து. முன் ஸ்பிரிங், முன் சக்கரம் சுழலும் ஸ்பிண்டில், பின் ஆக்சில் எல்லாமே வேறு. எல்லாம் மாற்றி முடிக்கும் செலவில் ஏற்கெனவே வி8 இருக்கும் கூபே ஒன்றை வாங்கிவிடலாம். நான் ஆறையே வைத்துக்கொண்டேன். அதன் இன்டேக் மேனிஃபோல்டு (கார்பரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது, அதனால் பெரிய கார்பரேட்டர் மாட்டும் ஆசையெல்லாம் தானாகவே அடங்கிவிடும்.

மாற்றியே தீர வேண்டியது பிரேக். 1966 வரை மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது) ஒற்றை அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. அதை மாட்டி, முன்னால் டிஸ்க் வைத்தேன். சீட் பெல்ட்டும் அப்படித்தான்: அசலில் மடிக்கு மட்டும். இன்னொன்று, இந்தக் காரில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை. அதற்கும் பின் சீட்டுக்கும் நடுவே வெறும் அட்டை. அங்கே ஓர் இரும்புத் தகடு வைத்து மூடுங்கள், பிள்ளைகள் பின்னால் உட்காருவார்கள் இல்லையா.

ஆசைக்குச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, காசே ஆகாத ஒரு வேலை. முன் சஸ்பென்ஷனின் மேல் கையைப் பிடித்திருக்கும் துளைகளை ஓர் அங்குலம் கீழே போட்டு மாட்டுவது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கின் யோசனை. மஸ்டாங்கை வேகத்துக்காக மாற்றி விற்ற ஷெல்பி ஜிடி350 காரிலும் இதைத்தான் செய்தார்கள். டிரில், அட்டையில் வெட்டிய ஓர் அச்சு, ஒரு சனிக்கிழமை, அப்புறம் வீல் அலைன்மென்ட். வளைவில் படகு மாதிரி சாய்ந்த கார் நேராக நிற்க ஆரம்பித்தது.

பெயிண்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்பு வைத்திருந்தவர் சிவப்பு அடித்திருந்தார். கதவுத் தகட்டில் எம் என்று இருந்தது, விம்பிள்டன் வெள்ளை. நான் வெள்ளைக்கே திரும்பினேன். என் மனைவிக்கு இன்னும் அந்தச் சிவப்பின் மேல்தான் கண். உங்களுக்குப் பிடித்த நிறம் அடியுங்கள், கௌல் வேலை முடிந்த பிறகு.

செலவு? எனக்கு வாங்கிய விலையைப் போல இரண்டரை மடங்கு ஆனது, என் கூலியைச் சேர்க்காமல். விற்பவர் தண்ணீர் ஊற்ற விடவில்லை என்றால் அந்தக் கார் வேண்டாம்.